பொட்டி கத்துதுங்க!

உங்கள் ஆபீஸில் மேஜைக்கு அடியில், சரியாகக் கால் கட்டைவிரல் இடிக்கிற இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு இன்ச் தூசி, பக்கத்தில் யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. யு.பி.எஸ். என்பார்கள். கரன்ட் போனால் 'கீ... கீ...' என்று கத்தும். அப்போது இரண்டு ரக ஆசாமிகளைப் பார்க்கலாம். முதல் ரகம், 'ஸேவ் பண்ணு, ஸேவ் பண்ணு!' என்று கல்யாண வீட்டில் திருடன் புகுந்த மாதிரி அலறும். இரண்டாவது ரகம், குனிந்து ஒரு பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, 'வா மச்சி, ஒரு டீ அடிச்சுட்டு வரலாம்' என்று கிளம்பிவிடும்.

நான் ரொம்ப வருஷம் இரண்டாவது ரகம். அந்தப் பாவத்துக்கு 2012 நவம்பரில் அனுபவித்தேன்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. அங்கே நான் கணக்கு, காஷியர், கம்ப்யூட்டர் நிபுணர் (மவுஸ் வேலை செய்யவில்லை என்றால் ஒயரைப் பிடுங்கிச் செருகுகிறவன்) எல்லாம். 2012 எப்படிப்பட்ட வருஷம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் எப்போது போகும் என்பது போய், எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை 10-ம் தேதி மத்தியானம் போனஸ் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது. 34 தொழிலாளர்கள். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, லீவு நாள் கழித்து, வாங்கின அட்வான்ஸ் கழித்து... வியாழக்கிழமை ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். கடைசியாக, வருஷம் முழுதின் கணக்கையும் மறுபடி கூட்டி எழுதுகிற ஒரு வேலை பாக்கி. எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு மணி நேர வேலை. ஓடவிட்டுவிட்டு, 'காலையில் வந்து பிரின்ட் எடுத்துக்கலாம்' என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யு.பி.எஸ். இருக்கிற தைரியம்!

வெள்ளிக்கிழமை காலை கேட்டிலேயே வாட்ச்மேன் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, ராத்திரி பன்னண்டரைக்குக் கரன்ட் போச்சுங்க. உங்க ரூம்ல அந்தப் பொட்டி கத்துச்சுங்க. ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேனுங்க. பாவம், பத்து நிமிஷம் கத்துச்சு. அப்புறம் அதுவே தூங்கிருச்சுங்க."

அது தூங்கவில்லை. செத்துப்போயிருந்தது. கூடவே கம்ப்யூட்டர், பாதி எழுதின கணக்கு ஃபைலோடு. முன்பாதி புதுக் கணக்கு, பின்பாதி பழைய கணக்கு, நடுவில் ஒன்றுக்கும் உதவாத குப்பை. திறந்தால், 'இது என்ன ஃபைல் என்று எனக்குத் தெரியாது' என்கிற மாதிரி ஒரு பதில். பேக்கப்? இருந்தது ஸார், ஒரு பென் டிரைவில்... செப்டம்பர் மாசத்தது.

அதற்கப்புறம் மஸ்டர் ரோலையும் சம்பளப் பட்டுவாடா நோட்டையும் விரித்துப் போட்டுக்கொண்டு, மேனேஜரும் நானும் கால்குலேட்டரில் தட்டினோம். வெள்ளி பகல், வெள்ளி ராத்திரி, சனி பகல். மத்தியானம் 2 மணிக்குக் கொடுக்க வேண்டிய போனஸை ராத்திரி 9 மணிக்குக் கொடுத்தோம். ஒரு டர்னர், ஒப்பணக்காரத் தெருவில் துணி எடுக்கலாம் என்று சாயங்காலமே தன் பையனைப் பட்டறைக்கு அழைத்துவந்துவிட்டார். அந்தப் பையன் நாலு மணி நேரம் கேட் ஓரம் ஒரு வார்ப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து, என் ரூம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த யு.பி.எஸ். மேல் ஒரு குற்றமும் இல்லை. பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'கரன்ட் போச்சு, ஏதாவது செய்யுங்கள்' என்று கத்தியிருக்கிறது. யாரிடம்? வாட்ச்மேனிடம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ரூம் சாவியும் கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு அடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் அதன் காதில் விழவில்லை. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கரன்ட் போகிற தடித்த ஒயர் இருந்தது. சேதி போகிற மெல்லிய ஒயர் இல்லை.

இது அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை. முதலாளி வந்தார். "பேட்டரி பத்தலைப்பா. பெரிசா வாங்கிடு" என்றார். வாங்கினோம். முன்பு பத்து நிமிஷம் கத்தியது, அப்புறம் ஒரு மணி நேரம் கத்தியது. அவ்வளவுதான் வித்தியாசம். (வாட்ச்மேன் பெரியவர் கட்டிலை கேட் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.)

பேட்டரி கணக்கை இங்கே ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். சாதாரண யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய அமில பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-அவர். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் சாப்பிட்டால் 50 நிமிஷம் வரவேண்டும் அல்லவா? வராது. 7 ஆம்பியர்-அவர் என்பது 20 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் கிடைப்பது. மடமடவென்று உறிஞ்சினால் ஈய அமில பேட்டரி பாதியிலேயே கைவிரித்துவிடும். பாய்க்கர்ட் என்ற ஜெர்மன்காரர் 1897-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவைத்துவிட்டார். உஷ்ணம் வேறு இருக்கிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் சுமார் பாதி என்பது பேட்டரிக்காரர்களின் மனக்கணக்கு. மேஜைக்கடியில், காற்றுப் போகாத மூலையில், செருப்போடு சேர்த்து வைத்தால்? இரண்டு மூன்று வருஷத்தில் அது பேருக்குத்தான் பேட்டரி.

ஆகவே அந்தப் பெட்டி தருவது வேலை செய்து முடிப்பதற்கான நேரம் இல்லை. கடையைக் கட்டுவதற்கான நேரம். அதை யார் கட்டுவது என்பதுதான் விஷயம். பகலில் நாம் கட்டலாம். ராத்திரி கம்ப்யூட்டரே கட்டிக்கொள்ள வேண்டும்.

இதொன்றும் புதுசு இல்லை. 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-விலேயே கன்ட்ரோல் பேனலில் 'யு.பி.எஸ்.' என்று ஒரு படம் இருந்தது. யு.பி.எஸ்.ஸிலிருந்து சீரியல் ஒயர் ஒன்று வரும். அதில் ஒரு ஊசியில் 'கரன்ட் போச்சு', இன்னொரு ஊசியில் 'பேட்டரி தீரப்போகிறது' என்று சேதி வரும். ஊமையோடு ஜாடை பேசுகிற மாதிரி. 'மூடுவதற்கு முன்னால் இந்தக் கட்டளை ஃபைலை ஓட்டு' என்றுகூட எழுதிவைக்கலாம். அதற்கு 30 விநாடி அவகாசம். இப்போது யு.எஸ்.பி. ஒயர். பாஷை கொஞ்சம் விஸ்தாரம். எத்தனை சதவீதம் மிச்சம், எத்தனை நிமிஷம் தாங்கும் என்றெல்லாம் சொல்லும். செருகினவுடன் மேஜைக் கம்ப்யூட்டரிலும் லேப்டாப் மாதிரி ஒரு குட்டி பேட்டரி படம் வந்துவிடும். ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கிற யு.பி.எஸ். பலவற்றில் அந்த ஓட்டையே கிடையாது. அவற்றுக்குக் கத்த மட்டும்தான் தெரியும். வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை வி.ஏ. என்று கேட்கிற நாம் இதைக் கேட்பதில்லை.

2018-ல் எங்கள் பட்டறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 10. கூடவே யு.எஸ்.பி. ஒயர் உள்ள யு.பி.எஸ். நான் விடாப்பிடியாக நின்று வாங்கவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

விண்டோஸுக்குள் டாஸ்க் ஷெட்யூலர் என்று ஒரு குமாஸ்தா இருக்கிறார். 'தினம் 6 மணிக்கு இதைச் செய்' என்று நேரம் சொல்லியும் வேலை வாங்கலாம். 'இன்ன சம்பவம் நடந்தால் இதைச் செய்' என்று சொல்லியும் வாங்கலாம். சம்பவங்களைக் குறித்துவைக்கிற நோட்டுப் புத்தகம் ஈவன்ட் வியூவர். கரன்ட் மாறினால் அதில் கெர்னல்-பவர், நம்பர் 105 என்று ஒரு வரி விழும். (41 என்று விழுந்திருந்தால், முன்பு சரியாக மூடாமல் திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் உங்கள் கம்ப்யூட்டரில் 41-களை எண்ணிப் பாருங்கள். பகீரென்று இருக்கும்.) ஆக, 105 வந்தால் மூன்று நிமிஷம் பொறுத்துக் கம்ப்யூட்டரை மூடு என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். எழுந்து சுவர் ஸ்விட்சை அணைத்தேன். (ப்ளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் சேர்ந்து போய்விடும்.)

பெட்டி கத்தியது. மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். குமாஸ்தா அசையவில்லை.

ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு 'கண்டிஷன்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்தேன். அங்கே, யாரும் கேட்காமலே டிக் அடித்து ஒரு வரி: 'கம்ப்யூட்டர் மெயின் கரன்ட்டில் இருந்தால் மட்டும் இந்த வேலையைத் தொடங்கு.' அதற்குக் கீழே இன்னொன்று: 'பேட்டரிக்கு மாறினால் வேலையை நிறுத்து.'

புரிகிறதா ஸார்? கரன்ட் போனால் செய்ய வேண்டிய வேலை. அதைக் கரன்ட் இருந்தால் மட்டும் செய்வேன் என்கிறார்! தீயணைப்பு வண்டி, தீ அணைந்ததும் வருகிற கதை. லேப்டாப்காரர்களின் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைத்த நல்ல ஏற்பாடுதான் அது. படிக்காமல் 'ஓகே'யை அமுக்கியவன் நான். ஸ்விட்சை அணைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால், அடுத்த தீபாவளிவரை நிம்மதியாக இருந்திருப்பேன்.

இரண்டு டிக்கையும் எடுத்தேன். இரண்டாவது ஒத்திகை. ஸ்விட்சை அணைத்தேன். 'மூன்று நிமிஷத்தில் மூடப்போகிறேன்' என்று அறிவிப்பு வந்தது. ஆஹா! சந்தோஷத்தில் ஒரே நிமிஷத்தில் ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். கரன்ட் வந்தது, பெட்டி வாயை மூடிக்கொண்டது, நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு லெட்டர் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் கழித்து, கரன்ட் ஜம்மென்று இருக்கும்போது, லெட்டரோடு கம்ப்யூட்டர் மூடிக்கொண்டது. மூடு என்று சொன்னேனே தவிர, கரன்ட் வந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லையே. போதாக்குறைக்கு இந்த 105 இருக்கிறதே, அது கரன்ட் போனாலும் விழுகிறது, வந்தாலும் விழுகிறது. ஸேவ் பண்ணாத லெட்டரும் போச்சு. ஏனென்றால் மூடுகிற கட்டளைக்கு 'இத்தனை விநாடி பொறு' என்று கெடு கொடுத்தால், 'திறந்திருக்கிற எதையும் கேட்காமல் மூடு' என்பதும் தானாக அதோடு ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது தடவைதான் உருப்பட்டது. நாலு வரியில் ஒரு கட்டளை ஃபைல். 105 வந்தால் மூன்று நிமிஷம் சும்மா இரு. அப்புறம் எழுந்து, இன்னும் பேட்டரியில்தான் ஓடுகிறதா என்று எட்டிப் பார். இல்லை என்றால் பேசாமல் போய்விடு. ஆமாம் என்றால் ஹைபர்நேட் பண்ணு. ஹைபர்நேட் என்பது மூடுவது இல்லை. திறந்திருக்கிற அத்தனையையும், பாதி அடித்த லெட்டர் உட்பட, அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைந்துபோவது. காலையில் பட்டனை அமுக்கினால், விட்ட இடத்தில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மூன்று நிமிஷப் பொறுமை முக்கியம். நம் ஊர் கரன்ட்டில் பாதி, கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பி வருகிற ரகம். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கடையைக் கட்டினால் வியாபாரம் என்ன ஆகும்? லினக்ஸ்காரர்களிடம் நட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. 1990-களின் கடைசியிலிருந்து வருவது. அதில் இதையே அழகாகச் செய்துவைத்திருக்கிறார்கள். கரன்ட் போனால் கடிகாரத்தை ஓட்டு, வந்தால் கடிகாரத்தை நிறுத்து, கடிகாரம் முடிந்தால் மட்டும் மூடு. ஒரே யு.பி.எஸ்.ஸில் நாலு கம்ப்யூட்டர் இருந்தால், ஒயர் செருகிய கம்ப்யூட்டர் மற்ற மூன்றுக்கும் நெட்வொர்க்கில் சேதி சொல்லும். மூன்றும் மூடிய பிறகு தான் மூடிக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற அம்மா மாதிரி.

ஆனால் ஒன்று. அந்த நெட்வொர்க் ஸ்விட்ச், அதுதான் நாலு ஒயர் செருகின பொடி டப்பா, அதுவும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். எங்கள் ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டருக்கு இப்படிச் சேதி அனுப்ப ஏற்பாடு செய்தேன். டப்பாவோ சுவரில். கரன்ட் போனதும் முதலில் செத்தது அதுதான். கடுதாசி எழுதியாகிவிட்டது, தபால்காரர் காலமாகிவிட்டார்.

மறுபடி தானாக ஆன் ஆவது தனிக் கதை. கம்ப்யூட்டரின் பயாஸில் 'கரன்ட் திரும்பினால் ஆன் ஆகு' என்று வைக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் மூடிக்கொண்ட பிறகு, பேட்டரி தீர்வதற்குள் கரன்ட் வந்துவிட்டால்? யு.பி.எஸ். ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆகவே கம்ப்யூட்டருக்கு, கரன்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. கும்பகர்ண சேவைதான். அதனால்தான் பெரிய இடங்களில், எல்லாம் மூடிய பிறகு 'இனி நீயும் உன் சப்ளையை நிறுத்து' என்று யு.பி.எஸ்.ஸுக்கே கடைசிக் கட்டளை அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரி, பாங்க் என்றால் அது வேண்டும். எங்கள் பட்டறைக்கு வேண்டாம். காலையில் நான் வந்து அமுக்குகிற அந்த ஒரு பட்டனிலாவது என் அவசியம் இருக்கட்டுமே!

சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸில் 'அபாய கட்டம்' சாதாரணமாக 5 சதவீதத்தில் இருக்கும். லேப்டாப்புக்குச் சரி. 2021-ல் ஒரு ஒத்திகையின்போது எங்கள் வயசான ஈய பேட்டரி 62 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, அடுத்த நிமிஷம் கண்ணை மூடிவிட்டது. அந்த வாரமே பேட்டரியை மாற்றினேன். அபாய கட்டத்தை 50-ல் வைத்தேன். மூன்று மாசத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையில் கடிகாரத்தோடு உட்காருகிறேன். என் மனைவி இதற்கு 'பேட்டரிக்குத் திவசம்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

2018-ல் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டு ஒரு மாசம் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு செல்போன். வாட்ச்மேன் பெரியவர். குரல் நடுங்குகிறது.

"தம்பி, தூங்கறீங்களா? கரன்ட் போச்சுங்க. பொட்டி கத்துச்சுங்க. நானும் வழக்கம்போலப் பார்த்துக்கிட்டு இருந்தேனுங்க. திடீர்னு கம்ப்யூட்டர்ல ஏதோ எழுத்து வந்து, தானா அணைஞ்சுபோச்சுங்க!"

"சரிங்க பெரியவரே. நல்லதுதான், நீங்க படுங்க."

"என்னத்தைங்க படுக்கறது... சாமி சத்தியமாச் சொல்றேனுங்க தம்பி, நான் எதையும் தொடலைங்க!"